ஒரு அறை குளிர்கிறது, அடுத்த அறை வேகிறது: நாமே பார்ப்பதா, ஆளைக் கூப்பிடுவதா?

எங்கள் வீட்டில் ஒரு மூலை அறை. குளிர்காலத்தில் கூடத்தில் சாதாரணச் சட்டையோடு உட்கார்ந்திருப்போம். அந்த அறைக்குள் காலை வைத்தால் கம்பளியைத் தேடுவோம். வெயில் காலத்தில் நேர் எதிர். வீடெல்லாம் இதமாக இருக்கும், அது மட்டும் வெந்துகொண்டிருக்கும். இரண்டு வருடம் நானே அதோடு மல்லுக்கட்டினேன். ஜன்னல் ஓரம் முழுக்க சிலிகான் பூசினேன், கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டினேன், தடித்த திரை வாங்கித் தொங்கவிட்டேன். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

அப்புறம் ஒருவரை வரவழைத்தேன். பத்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லா ஜன்னலையும் மாற்றச் சொன்னார். கையில் கருவி எதுவும் இல்லை, விலைப்பட்டியல் மட்டும் இருந்தது. மனசு ஒப்பவில்லை. அடுத்து வந்தவர் வாசல் கதவில் ஒரு பெரிய விசிறியை மாட்டி, காலைப் பொழுது முழுக்கச் சோதித்தார். கடைசியில் ஜன்னல் மேல் பெரிய குற்றமே இல்லை. கூரைக்கடியில் இருக்கும் பரணில், ஏசி, ஹீட்டர் காற்றை அந்த அறைக்குக் கொண்டுபோகிற டக்ட் குழாயின் இணைப்பு கழன்று கிடந்தது. அறைக்கு வரவேண்டிய காற்று பரணுக்குப் போய்க்கொண்டிருந்தது. பரண் மூடியைச் சுற்றி விரல் நுழைகிற அளவுக்கு இடுக்கு வேறு.

அதற்குப் பிறகு, 'நாமே செய்வதா, ஆள் வைப்பதா' என்று யாராவது கேட்டால், கண்டுபிடிக்கும் வேலை வேறு, சரிசெய்யும் வேலை வேறு என்று முதலில் பிரித்துக்கொள்ளச் சொல்கிறேன். முதல் வேலைக்குக் காசு கொடுக்க நான் இப்போது தயங்குவதில்லை. இரண்டாவதில் பாதியை நானே செய்துவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காரணத்தை ஊகித்துக்கொண்டு, வேலைக்கு ஆள் தேடுகிறார்கள்.

குளிர்வதெல்லாம் காற்று அல்ல

'ஜன்னல் பக்கம் சில்லென்று ஊதுகிறது' என்று சொல்கிறோம். அதன் பின்னால் மூன்று வெவ்வேறு சங்கதிகள் இருக்கலாம். நிஜமாகவே இடுக்கு வழியாக வெளிக்காற்று வரலாம். இடுக்கே இல்லாமல் கண்ணாடியோ சுவரோ குளிர்ந்து கிடக்கலாம். அல்லது ஏசியோ ஹீட்டரோ அனுப்புகிற காற்று அந்த அறைக்குப் போதுமான அளவு வந்து சேராமல் இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குப் போட்டால் காசுதான் கரையும்.

பிரித்துப் பார்க்க ஒரு ஊதுபத்தி போதும். வெளியே குளிரும் காற்றும் உள்ள நாளாகப் பார்த்து, கதவு ஜன்னலையெல்லாம் சாத்துங்கள். எரிவாயு அடுப்பு, ஹீட்டர் எல்லாவற்றையும் முதலில் அணைத்துவிடுங்கள். பிறகு சமையலறையிலும் குளியலறையிலும் உள்ள எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். வீட்டுக்குள்ளிருக்கும் காற்றை அவை வெளியே தள்ளத் தள்ள, இருக்கிற இடுக்கெல்லாம் வெளிக்காற்றை உறிஞ்ச ஆரம்பிக்கும். இப்போது பத்தியை ஏற்றி, திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, ஜன்னல் சட்டத்தின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக மேலே போய்க்கொண்டிருக்கும். இடுக்கு வந்ததும் சட்டென்று உங்கள் பக்கம் சாயும். அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மின் பிளக் பலகை, ஏசி குழாய் சுவருக்குள் போகிற துளை, கைகழுவும் தொட்டிக்கு அடியில் குழாய் நுழைகிற இடம், தரையும் சுவரும் சேர்கிற விளிம்பு, பரண் மூடி எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான்.

சில ஜன்னல்களில் புகை உங்கள் பக்கம் சாயாது. கண்ணாடியை ஒட்டியபடியே கீழே வழியும், தண்ணீர் மாதிரி. அங்கே இடுக்கு கிடையாது. அறைக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டுக் கனமாகி இறங்குகிறது, தரையோடு ஓடிவந்து உங்கள் காலைத் தொடுகிறது. போதாததற்கு நம் உடம்புச் சூடும் அந்தக் குளிர்ந்த பரப்பை நோக்கிக் கதிராகப் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் தெர்மாமீட்டர் 22 டிகிரி காட்டினாலும் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் குளிருகிறது. இதற்கு எத்தனை முறை சிலிகான் பூசினாலும் பலனில்லை. தரைவரை தொங்கும் தடித்த திரை, கண்ணாடிச் சட்டத்தின் மேல் இழுத்து ஒட்டும் பிளாஸ்டிக் படலம், கடைசியாக இரட்டைக் கண்ணாடி, இப்படித்தான் போகவேண்டும். நான் இரண்டு வருடம் பூசியதில் பாதி இந்த வகை ஜன்னல்களுக்குத்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

வெயில் காலத்துக்கும் இதே கதைதான், ஆள் மட்டும் வேறு. மேற்குப் பார்த்த கண்ணாடி வழியே நேராக வெயில் இறங்கும். மொட்டைக் கான்கிரீட் கூரை பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு அதை அறைக்குள் கக்கும். இதற்கும் இடுக்குக்கும் சம்பந்தமில்லை. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறித்தால்தான் முழுப் பலன். உள்ளே திரை போட்டால், சூடு ஏற்கெனவே அறைக்குள் வந்த பிறகு மறிக்கிறோம். கூரைக்கு வெயிலைத் திருப்பி அடிக்கிற வெள்ளைப் பூச்சு நாமே அடிக்கக்கூடியதுதான்.

அடுத்து மூன்று மலிவான தெர்மாமீட்டர்கள். முதல் நாள் மூன்றையும் ஒரே மேசையில் பக்கம் பக்கமாக வையுங்கள், ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் காட்டுகின்றன என்று தெரிந்துகொள்ளத்தான். பிறகு ஒன்றைக் கணுக்கால் உயரத்திலும், இன்னொன்றை உட்கார்ந்தால் தலை வருகிற உயரத்திலும், மூன்றாவதைப் பக்கத்து அறையிலும் வைத்து ஒரு வாரம் குறித்து வாருங்கள். உட்கார்ந்திருப்பவரின் கணுக்காலுக்கும் தலைக்கும் நடுவே 3 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பது ஆஷ்ரே (ASHRAE) என்ற அமெரிக்கப் பொறியாளர் அமைப்பின் 55ஆம் எண் தரநிலை. எங்கள் மூலை அறையில் 5 டிகிரி இருந்தது.

காலில் குளிர் அடிக்கிறது என்பதற்காக ஓட்டை தரையில்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். குளிர்காலத்தில் சூடான காற்று மேலே ஏறி, பரண் மூடி, கூரை விளக்குத் துளை வழியே தப்பிப் போகும். போன அளவுக்குக் கீழேயிருந்து குளிர்காற்று உள்ளே இழுக்கப்படும். புகைபோக்கி வேலை செய்வதும் இப்படித்தான். பரண் மூடி, விளக்குத் துளை என்று மேலே உள்ள இடுக்குகளை அடைத்தால் கீழே உள்ள ஊதல் தானாகவே தணியும். கதவடியில் பட்டை மேல் பட்டையாக ஒட்டுகிறவர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பது நல்லது.

நம் கை எட்டுகிற வேலைகள்

கதவடியில் 5 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். 90 செ.மீ. அகலக் கதவுக்குக் கணக்குப் போட்டால் 45 சதுர செ.மீ. வருகிறது. அதாவது சுவரில் கிட்டத்தட்ட ஏழுக்கு ஏழு செ.மீ. ஓட்டை. அப்படி ஒன்றைச் சுவரில் பார்த்தால் அன்றைக்கே அடைத்துவிடுவோம். இந்த மாதிரி வேலைக்கு ஆளைக் கூப்பிடுவது, சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் கதைதான்.

அசையாத இடத்துக்குப் பூசுகிற சீலன்ட், அசைகிற இடத்துக்கு ஒட்டுகிற பட்டை. இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் பாதித் தப்பு நடக்காது. சீலன்டில், மேலே பெயின்ட் அடிக்க வேண்டிய இடத்துக்கு அக்ரிலிக், தண்ணீர் படுகிற இடத்துக்கு சிலிகான். சாதாரண சிலிகான் மேல் பெயின்ட் நிற்காது. பழைய சிலிகான் மேல் புதியதைப் பூசினால் அதுவும் நிற்காது. பிளேடு வைத்துச் சுரண்டி, துடைத்து, காயவிட்டுத்தான் பூசவேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் அதைத் தாண்டிப் போகிறவர்கள் அடுத்த வருடமும் அதே இடத்தில் உட்கார்ந்து பூசிக்கொண்டிருப்பார்கள். இடுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் போனால், முதலில் நீளமான ஃபோம் கயிற்றை உள்ளே திணித்துவிட்டு அதன் மேல் பூசுங்கள்.

குழாய் போகிற பெரிய துளைக்கு டப்பாவில் வரும் ஃபோம் அருமையான பொருள். ஆனால் ஜன்னல் சட்டத்தைச் சுற்றி அடிக்கும்போது, குறைவாக உப்புகிற வகையைத்தான் வாங்கவேண்டும். சாதாரண ஃபோம் உப்பிச் சட்டத்தையே உள்பக்கம் வளைத்துவிடும். எங்கள் குளியலறை ஜன்னல் இன்றைக்கும் முட்டிக்கொண்டுதான் திறக்கிறது, காரணம் நானேதான். கையுறையும் மறக்க வேண்டாம். காய்ந்த ஃபோம் சோப்பு போட்டாலும் போகாது, தோல் உரிந்துதான் போகும்.

பட்டைகளில் எல்லாரும் முதலில் வாங்குவது பஞ்சு மாதிரியான ஃபோம் டேப். ஒட்டுவது சுலபம், அமுங்கிச் செத்துப்போவதும் சுலபம். கொஞ்சம் கூடக் கொடுத்து நல்ல ரப்பர் பட்டையாக வாங்கினால் பல வருடம் தாங்கும். சரியாக ஒட்டியிருக்கிறோமா என்று பார்க்க, ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்திவிட்டு இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இன்னும் சந்து இருக்கிறது. பிடித்துக்கொண்டால் சரி. கதவைச் சுற்றி எட்டுப் பத்து இடத்தில் இப்படிப் பார்க்கவேண்டும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டுத் திருப்தியடைவது நம் பழக்கம்.

காற்று வந்து சேராத பிரச்சினையிலும் நம் பங்குக்கு வேலை உண்டு. ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் காற்றும் போகாது. காற்று வரும் துவாரத்தை மறைத்தபடி சோபாவோ அலமாரியோ நிற்கிறதா பாருங்கள். டக்டின் மேல் சின்னக் கைப்பிடி இருந்தால், அது குழாயோடு இணையாக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது. சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் உள்ள வீட்டில் மேல்பக்கம் மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது, சாவி போட்டுத் திருகி நீங்களே வெளியேற்றலாம். கீழ்ப்பக்கம் குளிர்ந்திருந்தால் உள்ளே சேறு படிந்திருக்கிறது. அதற்கு ஆள்தான் வரவேண்டும்.

பயன்படுத்தாத அறைகளின் துவாரங்களை மூடிவிட்டால் மற்ற அறைகளுக்குக் கூடுதல் காற்று போகும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் குழாய்க்குள் அழுத்தம் ஏறி, இருக்கிற கசிவெல்லாம் அதிகமாகக் கசியும், விசிறிக்கும் திணறல். ஒன்றிரண்டை லேசாகக் குறைத்துப் பார்க்கலாம், அவ்வளவே. இன்னொன்று, டக்ட் டேப். பெயரே அதுதான் என்பதால் எல்லாரும் டக்டுக்கு அதையே சுற்றுகிறார்கள். 1998இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் பலவகை டேப்களைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றிச் சோதித்தபோது, துணி முதுகுள்ள டக்ட் டேப்தான் மோசமாகத் தோற்றது. டக்ட் இணைப்புக்குப் பசை மாதிரி பூசுகிற மாஸ்டிக்தான் சரியான பொருள்.

ஆள் வந்தால் என்ன கூடுதலாகக் கிடைக்கிறது?

உழைப்பை விட, நம்மிடம் இல்லாத கண் கிடைக்கிறது என்பேன். வாசலில் மாட்டுகிற விசிறிச் சோதனையில் வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தை உண்டாக்குவார்கள். மணிக்கு 30 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலான காற்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் மோதினால் எப்படியோ அப்படி. ஊதுபத்திக்குச் சிக்காத இடுக்கெல்லாம் அப்போது விசில் அடிக்கும். அதைவிட முக்கியம், கையில் ஒரு எண் வருகிறது: அந்த அழுத்தத்தில் வீட்டுக் காற்று மணிக்கு எத்தனை முறை முழுசாக மாறுகிறது என்று. மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வீடுகளுக்காக ஜெர்மனியில் பிறந்த பாசிவ் ஹவுஸ் தரநிலை அந்த எண் 0.6க்கு மேல் போகக்கூடாது என்கிறது. நம் பழைய வீடுகளுக்கு அது எட்டாத உயரம். ஆனால் வேலைக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று ஒப்பிட அந்த எண்ணை விட்டால் வேறு நேர்மையான சாட்சி கிடையாது.

கூடவே வெப்பக் கேமரா. சுவருக்குள் இன்சுலேஷன், அதாவது சூட்டைத் தடுக்கிற அடைப்பு, விட்டுப்போன இடம் அதில் தனி நிறத்தில் தெரியும். உள்ளேயும் வெளியேயும் பத்து டிகிரியாவது வித்தியாசம் இருக்கிற நாளில் எடுத்தால்தான் படத்துக்கு மதிப்பு. இதமான நாளில் கேமராவோடு வந்து படம் காட்டுகிறவரை நம்ப வேண்டாம். வாடகைக்கு வாங்கி நாமும் எடுக்கலாம், ஆனால் பளபளப்பான பரப்புகள் அதை ஏமாற்றும். எங்கள் ஸ்டீல் பூட்டைப் பார்த்துப் 'பெரிய கசிவு' என்று நான் பதறியது உண்டு.

மூடிய சுவருக்குள் துளை போட்டு இன்சுலேஷன் ஊதி நிரப்புவது, டக்ட் முழுவதையும் அழுத்தம் கொடுத்துச் சோதிப்பது, ஏசியின் கேஸ் தொடர்பான எதுவானாலும், இவையெல்லாம் நம் வேலை அல்ல. எந்த அறைக்கு எவ்வளவு சூடோ குளிர்ச்சியோ தேவை என்று வெப்பச்சுமைக் கணக்குப் போடுவதும் அப்படியே. 'அறை குளிரவில்லை, பெரிய ஏசியாகப் போடுங்கள்' என்பதுதான் வழக்கமான யோசனை. அளவுக்கு மீறிய ஏசி மளமளவென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரம் இழுபடுவதற்கே நேரம் இருக்காது, தூரத்து அறைக்குக் குளிர்ச்சி போய்ச் சேரவும் நேரம் இருக்காது. புழுக்கமான குளிர் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஆள் வைப்பதில் உள்ள சிக்கல் அவர்கள் திறமையில் இல்லை. பல நேரம், விற்கிறவரே வைத்தியராகவும் வருகிறார். ஜன்னல் விற்கிறவர் கண்ணுக்கு ஜன்னல்தான் நோய், இன்சுலேஷன் விற்கிறவருக்குக் கூரைதான் நோய். அதனால் சோதனைக்கு மட்டும் தனியாகக் காசு வாங்குகிற, எதையும் விற்காத ஆள் கிடைத்தால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், வேலை முடிந்ததும் மறுபடி அதே விசிறிச் சோதனை செய்து எண்ணைக் காட்டுவீர்களா என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வருகிற முகபாவமே நிறையச் சொல்லிவிடும்.

சிக்கனம் பார்க்கக்கூடாத இடங்கள்

வீட்டுக்குள் எரிவாயு ஹீட்டரோ கொதிகலனோ விறகடுப்போ இருந்தால், இடுக்குகளை அடைக்க அடைக்க அவற்றுக்குக் காற்றுப் பஞ்சம் வரும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது புகைக்குழாயில் வெளியேற வேண்டிய புகை திரும்பி அறைக்குள்ளேயே இறங்கலாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அலாரம் மாட்டுங்கள், அடைப்பு வேலை முடிந்ததும் அந்தச் சாதனங்களைத் தெரிந்தவரைக் கொண்டு சோதியுங்கள். எரிவாயுச் சாதனத்துக்காகச் சுவரில் விட்டிருக்கும் துவாரத்தை 'ஊதுகிறது' என்று மூடுவதைவிட ஆபத்தான காரியம் இந்தக் கட்டுரையில் வேறில்லை.

பழைய வீட்டுப் பரணில் சரளைக்கல் மாதிரி மினுங்கும் வெர்மிகுலைட் இன்சுலேஷன் கிடந்தால் கிளறாமல் இறங்கிவிடுங்கள். அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. பழைய பெயின்டைச் சுரண்டுவதற்கு முன் அதில் ஈயம் இருக்கிறதா என்று சோதிப்பதும் அதே மாதிரிதான். கூரைக்குள் பதித்த விளக்குகளின் மேல் இன்சுலேஷனை மூடலாமா என்பது அந்த விளக்கின் வகையைப் பொறுத்தது. தெரியாமல் மூடினால் தீப்பிடிக்கலாம். அப்புறம், கண்ணாடி இழை இன்சுலேஷன் காற்றை நிறுத்தாது. அதன் வழியாகவே காற்று ஊடுருவும். முதலில் ஓட்டையை அடை, பிறகு இன்சுலேஷன் போடு என்ற வரிசை மாறினால் இரண்டு செலவும் பாதிப் பலன்தான் தரும்.

எந்த வேலை யாருக்கு?

வாடகை வீடா, யோசிக்கவே வேண்டாம். கதவுப் பட்டை, ஜன்னல் படலம், திரை, ஃபில்டர், இவ்வளவும் நாமே. சுவரைத் துளைக்கிற எதுவும் வீட்டுக்காரர் தலையில். சொந்த வீடு, ஒரே ஒரு அறைதான் தொல்லை என்றால், ஒரு வார இறுதி ஊதுபத்தியும் தெர்மாமீட்டருமாகச் செலவழித்து, கண்ணில் பட்டதை அடைத்துவிட்டு, மறுபடி அளந்து பாருங்கள். வித்தியாசம் பாதியாவது குறைந்தால் நீங்கள் சரியான வழியில்தான் போகிறீர்கள். அசையவே இல்லை என்றால் காரணம் உங்கள் கை எட்டாத இடத்தில் இருக்கிறது. நான் செய்தது மாதிரி இன்னொரு வருடம் பூசிக்கொண்டிருக்காமல் சோதனைக்கு ஆளைக் கூப்பிடுங்கள். வீடு முழுக்கவே வெப்பநிலை மேலும் கீழும் ஆடுகிறது, சுவரில் பூஞ்சை படர்கிறது என்றால் முதலிலேயே கூப்பிட்டுவிடலாம். ஜன்னல் மாற்றுவது மட்டும் எப்போதும் பட்டியலின் கடைசியில் இருக்கட்டும். ஜன்னல் உளுத்துப்போய் எப்படியும் மாற்றவேண்டிய நிலை வந்தால் அது வேறு விஷயம்.

எங்கள் வீட்டில் டக்ட் இணைப்பை விசிறிச் சோதனை செய்தவரே மாஸ்டிக் பூசிச் சரிசெய்தார். பரண் மூடிக்கு நான் ரப்பர் பட்டை ஒட்டி, மேலே இன்சுலேஷன் பலகை வெட்டி வைத்தேன். ஒரு மதியம் பிடித்தது. கணுக்காலுக்கும் தலைக்கும் நடுவே இப்போது 2 டிகிரிதான் காட்டுகிறது. ஜன்னல்கள் பழையவையேதான். கடுங்குளிர் நாளில் அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் இப்போதும் தோளில் சில்லென்று படும். நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுவிட்டோம்.